ஒன்பது நகரக் கோயில் சுற்றைக் குவாண்டம் கணினியில் எழுதுவது எப்படி? (கிஸ்கிட், க்யூஏஓஏ)

#1 கோட்டையூர்_க்யூபிட்

எல்லோருக்கும் வணக்கம். நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் (இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி) ஒரே சுற்றில் பார்த்துவிட்டுப் புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். மொத்தத் தூரம் மிகக் குறைவாக வரும் வரிசை எது என்பதுதான் கணக்கு. இதைக் கல்லூரிச் செயல்திட்டமாக, க்யூஏஓஏ முறையில் (சர்க்யூட்டின் கோணங்களை மாற்றி மாற்றிச் செலவு குறைந்த விடையைத் தேடும் குவாண்டம் முறை), பைத்தானும் கிஸ்கிட்டும் (ஐபிஎம்-இன் குவாண்டம் நிரல் பொதி) வைத்து எழுதுகிறோம்.

எத்தனை க்யூபிட் (குவாண்டம் பிட்) வேண்டும்? ஐபிஎம் இலவசக் கணக்கில் ஓடுமா? ஒரு கோயிலை விட்டுவிட்டாலோ இரண்டு முறை போனாலோ போடும் தண்டத்தின் அளவு என்ன? இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டு எல்லாவற்றிலும் 'எக்ஸிக்யூட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை இறக்குமதி செய்தாலே பிழை வருகிறது. அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள்.

#2 செக்காலை_சர்க்யூட்

தம்பி, கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிருவோம். 'எக்ஸிக்யூட்' 2024 பிப்ரவரியில வந்த கிஸ்கிட் 1.0-லயே எடுத்தாச்சு. அதுக்கு முந்தின பாடங்களை அப்படியே தட்டச்சு பண்ணினா ஓடாது. சிமுலேட்டர் (குவாண்டம் கருவியைச் சாதாரணக் கணினியில போலச் செய்யுறது) 'கிஸ்கிட்-ஏர்'னு தனிப் பொதி, ஐபிஎம் கருவிக்குப் போக 'கிஸ்கிட்-ஐபிஎம்-ரன்டைம்'னு இன்னொண்ணு. மூணையும் தனித்தனியா நிறுவணும். பழைய கிஸ்கிட் இருக்கிற இடத்துலயே மேம்படுத்தாதீங்க. பழைய 'கிஸ்கிட்-டெரா' உள்ளயே தங்கிப்போய்ப் புதுசோட மோதும், பிழைச் செய்தி சம்பந்தமே இல்லாத இடத்தைக் காட்டும். புதுசா ஒரு மெய்நிகர் சூழல் உருவாக்கி அதுல வெறுமையிலிருந்து நிறுவுறதுதான் சுத்தமான வழி.

இப்ப கணக்குக்கு வருவோம். ஆத்தங்குடி ஓடு பதிச்ச முற்றம் மாதிரி ஒரு கட்டம் போடுங்க. கீழ்நோக்கி ஒன்பது கோயில், குறுக்கே ஒன்பது வரிசை எண். 'இந்தக் கோயில் இத்தனாவதா வருது'ன்னா அந்தக் கட்டத்துல 1, இல்லன்னா 0. கட்டத்துக்கு ஒரு க்யூபிட், ஆக 81. ஆனா சுற்று எங்க தொடங்கினாலும் ஒரே சுற்றுதானே? இளையாற்றங்குடியைத் தொடக்கமா நிறுத்திட்டா மீதி 8 கோயில், 8 இடம். 64 க்யூபிட் போதும்.

ஒவ்வொரு வரியிலயும் ஒரே ஒரு 1, ஒவ்வொரு நெடுவரிசையிலயும் ஒரே ஒரு 1. இதை மீறினா தண்டம். தண்டம் = ஏ × (1 − கூட்டல்)². ஏ-ங்கிறது தண்டத்தோட அளவு, கூட்டல்ங்கிறது அந்த வரியில இருக்கிற எண்களோட கூட்டுத்தொகை. இதை விரிக்கும்போதுதான் பலபேருக்குக் கணக்கு நழுவும். 0, 1 மட்டுமே எடுக்கிற மாறியோட வர்க்கம் அதே மாறிதான். அதனால −2 எல்லாம் அப்படியே நிக்காது. ஒற்றை உறுப்போட கெழு −ஏ ஆகும், ஜோடி உறுப்புக்கு +2ஏ, மாறிலி ஏ.

#3 தேவகோட்டை_திசைவி

க்யூபிட் எண்ணிக்கை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். ஐபிஎம்-இன் ஹெரான் வகைச் சில்லுகளில் 133-ம் 156-ம் இருக்கின்றன; 64 அதற்குள் தாராளமாக அடங்கும். தடை இருப்பது இரு-க்யூபிட் கேட்டுகளின் (இரண்டு க்யூபிட்டை இணைத்துச் செய்யும் செயல்களின்) எண்ணிக்கையில்.

எண்ணிப் பார்ப்போம். ஒரு வரியில் 8 க்யூபிட், அதற்குள் ஜோடிகள் 28. எட்டு வரிகளுக்கு 224, எட்டு நெடுவரிசைகளுக்கு இன்னொரு 224. இது தண்டப் பகுதி மட்டும். தூரப் பகுதியில், அடுத்தடுத்த இடங்கள் 7 ஜோடி; ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கோயில் ஜோடி 8 × 7 = 56. ஆக 392. மொத்தம் 840 ஜோடி உறுப்புகள். ஒவ்வொன்றையும் எழுத இரண்டு சிஎக்ஸ் (ஓர் இரு-க்யூபிட் கேட்) வேண்டும் என்றால் ஓர் அடுக்குக்கு (க்யூஏஓஏ திரும்பத் திரும்பப் போடும் சர்க்யூட் பகுதி) 1,680.

ஒரு கேட்டின் பிழை 0.3 விழுக்காடு என்று நல்லபடியாகவே வைத்துக்கொள்வோம். 1,680 கேட்டும் பிழையின்றி ஓடும் வாய்ப்பு 0.997-ஐ 1,680 முறை பெருக்கினால் வருவது, அதாவது 0.6 விழுக்காட்டைச் சுற்றி. இதில் இடமாற்றக் கேட்டுகள் இன்னும் சேரவில்லை. சில்லில் ஒரு க்யூபிட்டுக்கு அண்டை அதிகபட்சம் மூன்று. உங்கள் கணக்கிலோ நடுவரிசையில் இருக்கும் ஒரு க்யூபிட் 28 க்யூபிட்டுகளோடு பேசியாக வேண்டும். பக்கத்தில் இல்லாதவற்றைக் கொண்டுவந்து சேர்க்கக் கிஸ்கிட் ஸ்வாப் (இடமாற்ற) கேட் போடும். ஒவ்வொரு ஸ்வாப்பும் மூன்று சிஎக்ஸ். ஒரே ஓர் அடுக்குக்கே வெளிவருவது வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும்.

சிமுலேட்டரிலும் 64 ஓடாது. முழு நிலைவெக்டரை (நிலைக்கு ஓர் எண் என்ற பட்டியல்) வைக்க 2^64 எண்கள், எண்ணுக்கு 16 பைட். எந்த இயந்திரத்திலும் அடங்காத அளவு. நினைவகக் கணக்கு இப்படிப் போகிறது: 4 கோயில் என்றால் 9 க்யூபிட், 8 கேபி. 5 கோயிலுக்கு 16 க்யூபிட், 1 எம்பி. 6 கோயிலுக்கு 25 க்யூபிட், 512 எம்பி. ஏழாவது கோயிலைச் சேர்த்ததும் 36 க்யூபிட், 1 டிபி. ஆறு வரை மடிக்கணினி தாங்கும், ஏழில் நின்றுவிடும்.

#4 கண்டனூர்_கணக்கு

நேரடியாகக் கேட்கிறேன், இதைக் குவாண்டமில் ஏன் செய்ய வேண்டும்? தொடக்கம் நிலையானது, போகும் திசை எதுவானாலும் தூரம் ஒன்றே. ஆக வேறுபட்ட சுற்றுகள் 8!/2 = 20,160 மட்டுமே. பைத்தானில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க ஒரு நொடி கூட ஆகாது. க்ரோவர் தேடல் (ஒரு குவாண்டம் தேடல் முறை) போட்டால் கூட 20,160-க்கு ஏறக்குறைய 111 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் தூரங்களைக் கூட்டி ஒப்பிடும் முழுச் சர்க்யூட்டும் ஓட வேண்டும்.

செயல்திட்ட அறிக்கையில் 'குவாண்டம் வேகமாகத் தீர்க்கிறது' என்று ஒரு வரி எழுதினாலும் தேர்வாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார். அந்த வரி உண்மையும் இல்லை.

#5 செக்காலை_சர்க்யூட்

கண்டனூரார் சொல்றது முழுக்க சரி. வேகத்துக்காக இதைச் செய்யல. ஒரு நடைமுறைக் கணக்கை க்யூபிட் மொழிக்கு மாத்துறது, சர்க்யூட்டா இறக்குறது, கருவியில ஓட்டி வர்ற எண்ணை நம்பலாமா வேண்டாமான்னு சொல்றது, இந்த மூணும் கத்துக்கத்தான் செய்யுறோம். விடை முன்னமே தெரிஞ்ச கணக்குதான் அதுக்குத் தோது. எங்க தப்புன்னு உடனே தெரிஞ்சிரும்.

அதனால தம்பி, நாலு கோயிலோட நிறுத்துங்க. இளையாற்றங்குடி தொடக்கம். மாத்தூர் 0, வைரவன்பட்டி 1, பிள்ளையார்பட்டி 2. ஒன்பது க்யூபிட். ஜோடி உறுப்பு எத்தனைன்னா வரிகளுக்கு 9, நெடுவரிசைக்கு 9, தூரத்துக்கு 12, மொத்தம் 30. அடுக்குக்கு 60 சிஎக்ஸ். இது கையாளக்கூடிய அளவு. தூரத்தை நேர்கோட்டுல எடுக்காதீங்க, சாலைத் தூரமா எடுங்க. கண்மாய், ரயில் பாதை எல்லாம் சுத்திப் போற ஊருங்க நம்மது.

தண்டம் எவ்வளவுன்னு கேட்டீங்க. முதல்ல எல்லாத் தூரத்தையும் மிகப் பெரிய தூரத்தால வகுத்திருங்க, பெரிசு 1 ஆயிரும். இப்ப யோசிங்க: ஒரு கோயிலை விட்டுட்டா அதிகபட்சம் ரெண்டு சாலைத் தூரம் மிச்சம், அதாவது 2-க்குள்ள. ஆனா ஒரு வரி, ஒரு நெடுவரிசை ரெண்டும் காலியா நிக்கும், தண்டம் 2ஏ. அதனால ஏ 1-ஐ விடக் கொஞ்சம் கூட இருந்தாலே ஏமாத்துறது லாபமில்ல. 1.2, 1.5 போட்டுத் தொடங்குங்க. 'பாதுகாப்புக்கு'ன்னு 100 போடுறவங்க இருக்காங்க. அப்ப சர்க்யூட் கண்ணுக்குத் தண்டம் மட்டும்தான் தெரியும். எந்தச் சுற்று குட்டைங்கிற வித்தியாசம் அதுக்குள்ள முங்கிப்போகும். விதி மீறாத ஆறு விடையும் ஏறக்குறைய சமமா வந்து நிக்கும்.

அடுத்தது மாற்றம். 0/1 மாறியை (1 − இசட்)/2-ன்னு எழுதணும். இசட்ங்கிறது க்யூபிட் 0-ன்னா +1, 1-ன்னா −1 தர்ற அளவீடு. ரெண்டு மாறியோட பெருக்கல் (1 − இசட் − இசட் + இசட்இசட்)/4 ஆகும். இசட்இசட்டுக்கான கிஸ்கிட்டோட ஆர்இசட்இசட் கேட் குடுத்த கோணத்துல பாதியைத்தான் எடுத்துக்கும், அதனால காமா (நாம தேடுற முதல் கோணம்) × கெழுவை ரெண்டால பெருக்கித் தரணும். ஒற்றை இசட்டுக்கான ஆர்இசட்டுக்கும் அதேதான், கலக்கிக்கான (நிலைகளைக் கலந்துவிடுற பகுதி) ஆர்எக்ஸுக்கும் 2 × பீட்டா (ரெண்டாவது கோணம்). எல்லாத்துலயும் அந்த ரெண்டை விட்டுட்டா காமாவும் பீட்டாவும் ரெண்டு மடங்காகித் தானே சரிக்கட்டிரும், கேடில்ல. ஒற்றைக்குப் போட்டு ஜோடிக்கு விட்டாத்தான் வினை. சர்க்யூட் வேற ஏதோ கணக்கைத் தீர்க்கும், ஒரு பிழைச் செய்தியும் வராது.

இதுக்கு ஒரு சோதனை கட்டாயம் வைங்க. 512 நிலைக்கும் மூலக் கணக்கால தூரம் + தண்டத்தைக் கூட்டுங்க. அதே 512-க்கும் இசட் வடிவத்தால கூட்டுங்க, மாறிலியை விடாம. ரெண்டும் ஒன்பது தசம இடம் வரை ஒத்துப்போகணும். போகாதவரைக்கும் சர்க்யூட் பக்கமே போகாதீங்க.

#6 கோட்டையூர்_க்யூபிட்

நன்றி அண்ணே, 512 சோதனை ஒத்துப்போகிறது. சிமுலேட்டரில் இரண்டு சந்தேகம். முதலாவது, ஒரு விடைக்குப் பதில் இரண்டு விடைகள் சம உயரத்தில் வருகின்றன. இரண்டாவது, அந்த விடையைப் பாதையாக மாற்றிக் கூட்டினால் மிகக் குறைந்த தூரமாக இல்லை. ஆனால் விதி எதையும் மீறவில்லை, ஒவ்வொரு கோயிலும் ஒரு முறைதான் வருகிறது. உகப்பாக்கி (கோணங்களைத் தேடும் நிரல்) எங்கோ தவறான பள்ளத்தில் நிற்கிறதா?

#7 தேவகோட்டை_திசைவி

இரண்டு விடை வருவது சரியே. ஒரே சுற்றை வலமாகவும் இடமாகவும் போகும் இரு வரிசைகள் அவை. மூன்று கோயிலுக்கு 6 வரிசை, வேறுபட்ட சுற்று 3. உண்மை விடை எப்போதும் இரட்டையாகத்தான் வரும். இரண்டு நிகழ்தகவையும் கூட்டித்தான் அறிக்கையில் போட வேண்டும்.

இரண்டாவது சந்தேகத்துக்கு உகப்பாக்கியைத் தொடாதீர்கள். பிட் வரிசையைப் பாருங்கள். கிஸ்கிட் அச்சிடும் சரத்தில் க்யூபிட் 0 வலது ஓரத்தில் இருக்கும். நீங்கள் க்யூபிட் எண்ணைக் கோயில் × 3 + இடம் என்று வைத்திருந்தால், சரத்தைத் திருப்பிப் போட்ட பிறகுதான் மூன்று மூன்றாக வெட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் இது ஏன் ஒளிந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள். சரியான விடை 100 001 010 என்று வைப்போம்: மாத்தூர் முதலில், பிள்ளையார்பட்டி அடுத்து, வைரவன்பட்டி கடைசி. கிஸ்கிட் அச்சிடுவது 010 100 001. திருப்பாமல் படித்தால் வைரவன்பட்டி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று வரும். இதுவும் விதி மீறாத விடைதான்! கட்டத்தை 180 பாகை சுழற்றினாலும் வரிக்கு ஒரு 1, நெடுவரிசைக்கு ஒரு 1 என்பது மாறாது. அதனால் விதிச் சோதனை தேறிவிடும். பாதை மட்டும் வேறாகிவிடும், அதுவும் எதிர்த்திசைப் பாதை கூட இல்லை, வேறு சுற்று.

இன்னொரு கண்ணி: 100 010 001 என்ற விடையை வைத்துச் சோதித்தால் தவறு தெரியவே தெரியாது. அது முன்னும் பின்னும் ஒன்றே. 001 010 100-ம் அப்படித்தான். மீதி நான்கில் ஒன்றை எக்ஸ் கேட்டால் நேரடியாக அமைத்து, அளந்து, உங்கள் படிக்கும் நிரல் அதே பாதையைத் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள்.

#8 கோட்டையூர்_க்யூபிட்

அதேதான், திருப்பிப் படித்ததும் குறைந்த தூரம் சரியாக வந்துவிட்டது. இனி கருவியில் ஓட்ட வேண்டும். 4,096 ஷாட் (சர்க்யூட்டை ஒரு முறை ஓட்டி அளப்பது ஒரு ஷாட்) கொடுத்தால் விதி மீறாத விடை எத்தனை வந்தால் 'வேலை செய்கிறது' என்று சொல்லலாம்? ஐம்பது வந்தால் போதுமா?

#9 தேவகோட்டை_திசைவி

ஐம்பது வந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று பொருள். ஒன்பது க்யூபிட்டிலும் ஹடமார்டு (0, 1 இரண்டையும் சமமாகக் கலக்கும் கேட்) மட்டும் போட்டு அளந்தாலே 512-இல் 6 நிலைகள் விதி மீறாதவை. 4,096 ஷாட்டில் சராசரி 48, விலக்கம் ஏறத்தாழ 7. எனவே 41 முதல் 55 வரை வெறும் தற்செயல். சிறந்த சுற்றின் இரு சரங்களும் சேர்ந்து தற்செயலாக 16 முறை வரும். இந்த 48, 16 இரண்டையும் அட்டவணையின் முதல் வரியில் எழுதிவிட்டு, அதன் கீழே சிமுலேட்டர், அதன் கீழே கருவி என்று வையுங்கள்.

அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை: கருவி தன் சொந்தக் கேட்டுகளில் எழுதிய சர்க்யூட்டை மட்டுமே ஏற்கும். ஹெரானில் அவை சிஇசட், ஆர்இசட், எஸ்எக்ஸ், எக்ஸ். ஹடமார்டோடு அனுப்பினால் வேலை நிராகரிக்கப்படும். கிஸ்கிட்டின் ஆயத்த பாஸ் மேனேஜரை உகப்பு நிலை 3-இல் உருவாக்கி, அந்தக் கருவியையே கொடுத்து டிரான்ஸ்பைல் செய்யுங்கள் (கருவியின் கேட்டுகளுக்கு மாற்றி எழுதுவது). அதன் வழித்தேர்வு தற்செயல் விதையைப் பொறுத்தது. இருபது முப்பது விதை கொடுத்து, இரு-க்யூபிட் கேட் மிகக் குறைவாக வருவதை எடுங்கள். 60 என்று காகிதத்தில் எண்ணியது ஸ்வாப் சேர்ந்து இரண்டு மூன்று மடங்காகலாம். விதைக்கு விதை வித்தியாசம் கணிசமாக இருக்கும், இதற்குக் கருவி நேரம் எதுவும் செலவாகாது.

ஹெரானில் பின்னக் கேட்டுகள் என்று ஒரு வசதி உண்டு. கருவியைப் பெறும்போதே அதைக் கேட்டுப் பெற்றால் ஆர்இசட்இசட் நேரடியாக ஒரே கேட்டாக ஓடும். ஜோடிக்கு இரண்டு சிஇசட் என்பது ஒன்றாகும். கோணம் 0-க்கும் பை/2-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது, எதிர்மறைக் கெழுக்களைக் கவனியுங்கள். அத்தோடு சாம்ப்ளரில் (ஷாட் எண்ணிக்கைகளைத் தரும் கிஸ்கிட் பகுதி) டைனமிகல் டீகப்ளிங்கை இயக்குங்கள். ஸ்வாப்புக்காகக் காத்திருக்கும் க்யூபிட்டுகள் சும்மா கிடந்தே தம் குவாண்டம் நிலையை இழக்கும். இடையில் விழும் எக்ஸ் துடிப்புகள் அதைக் குறைக்கும்.

#10 செக்காலை_சர்க்யூட்

நேரத்தைப் பத்தியும் சொல்லிடுறேன். இலவசத் திட்டத்துல 28 நாளுக்கு 10 நிமிஷம்தான் கருவி நேரம். 'செஷன்' முறையும் (கருவியைப் பிடிச்சு வைச்சுத் தொடர்ந்து ஓட்டுறது) அதுல கிடையாது. தனி வேலையாவோ தொகுப்பாவோதான் அனுப்ப முடியும். உகப்பாக்கியைக் கருவியோட கட்டி ஓடவிட்டா ஒவ்வொரு படிக்கும் வரிசையில நிக்கணும், பாதியிலயே நிமிஷம் தீர்ந்துரும்.

காமா, பீட்டாவை மடிக்கணினியிலேயே தேடுங்க. ஓர் அடுக்குன்னா ரெண்டே எண்ணுதான். 30க்கு 30 கட்டம் போட்டு 900 புள்ளியையும் கணக்குப் பண்ணிப் படமா வரைஞ்சிருங்க. ஒன்பது க்யூபிட்டுக்கு அது சுலபம். பள்ளம் எங்க இருக்குன்னு கண்ணாலயே பார்த்து, அங்கிருந்து கோபைலாங்கிற உகப்பாக்கியை ஓட விடுங்க. ரெண்டாவது அடுக்குக்குப் போகும்போது முதல் அடுக்குல கிடைச்ச எண்களையே தொடக்கமா வைங்க. தற்செயலா தொடங்கினா பெரும்பாலும் மோசமான இடத்துல சிக்கும். கடைசியில கிடைச்ச கோணங்களை மட்டும் கருவிக்கு அனுப்புங்க.

இலக்காக எல்லா ஷாட்டோட சராசரியை எடுக்காம, செலவு குறைஞ்ச 10 விழுக்காடு ஷாட்டோட சராசரியை எடுத்தும் பாருங்க. நமக்கு வேணும்கிறது ஒரு நல்ல சுற்று, எல்லாமே சுமாரா இருக்கிறது இல்ல.

#11 பள்ளத்தூர்_அணு

சுற்றுப்பாதைக் கணக்கு பயிற்சிக்கு நல்லது. ஆனால் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு குவாண்டம் நிரல் எழுதுபவர்கள் மூலக்கூறு பக்கம் வராமல் இருப்பது எனக்கு வருத்தம். எலக்ட்ரானே குவாண்டம் பொருள். அந்தக் கணக்கைச் செயற்கையாகக் கட்டத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டே க்யூபிட்டில் முடியும், கேட் எண்ணிக்கையும் மிகக் குறைவு. கருவியின் பிழையை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சிறிய கணக்கு வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

பிணைப்பு நீளம் 0.735 ஆங்ஸ்ட்ராம், எஸ்டிஓ-3ஜி அடிப்படை (ஆர்பிட்டல்களை எழுதும் எளிய சார்புத் தொகுதி). நான்கு சுழல் ஆர்பிட்டல், நான்கு க்யூபிட். பேரிட்டி முறையில் (ஆர்பிட்டல்களை க்யூபிட்டாக்கும் ஒரு வழி) மாற்றி, எலக்ட்ரான் எண்ணிக்கை, சுழல் இரண்டும் மாறாது என்பதைப் பயன்படுத்தினால் இரண்டு க்யூபிட் கழன்றுவிடும். மிஞ்சும் ஹாமில்டோனியன் (ஆற்றலைத் தரும் கோவை) ஐந்து உறுப்பு: மாறிலி −1.0524, க்யூபிட் 0-இன் இசட்டுக்கு +0.3979, க்யூபிட் 1-இன் இசட்டுக்கு −0.3979, இரு இசட்டும் சேர்ந்ததற்கு −0.0113, இரு எக்ஸும் சேர்ந்ததற்கு +0.1809. அலகு ஹார்ட்ரீ.

சர்க்யூட்: க்யூபிட் 1-இல் தீட்டா கோணத்துக்கு ஆர்ஒய் (சுழற்றும் கேட்), க்யூபிட் 0-இல் எக்ஸ், பிறகு 1-ஐக் கட்டுப்பாடாகவும் 0-ஐ இலக்காகவும் வைத்து ஒரு சிஎக்ஸ். அவ்வளவுதான், ஒரே ஒரு இரு-க்யூபிட் கேட். இது 01, 10 என்ற இரு நிலைகளின் கலவையை மட்டும் தரும். அடிநிலை (ஆற்றல் மிகக் குறைந்த நிலை) அந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது. தீட்டா −0.2235 ரேடியனில் குறைந்தபட்ச ஆற்றல் −1.857.

தீட்டாவை 0 வைத்து முதலில் ஓட்டுங்கள். −1.837 வர வேண்டும். −0.245 வந்தால் க்யூபிட் வரிசை தலைகீழாக இருக்கிறது. #7-இல் தேவகோட்டையார் சொன்ன அதே நோய், இங்கே எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

#12 கோட்டையூர்_க்யூபிட்

அக்கா, இதையும் சேர்த்துக்கொள்கிறோம். −1.857 வருகிறது. ஆனால் பாடநூலில் ஹைட்ரஜனுக்கு −1.137 என்று இருக்கிறதே?

#13 பள்ளத்தூர்_அணு

இரண்டு அணுக்கருவும் ஒன்றையொன்று தள்ளும் ஆற்றல் +0.720 ஹார்ட்ரீ ஹாமில்டோனியனில் இல்லை. கடைசியில் கூட்டிக்கொள்ள வேண்டும். −1.857 + 0.720 = −1.137. பிணைப்பு நீளத்தை மாற்றி வரைபடம் போடும்போது அந்த 0.720-உம் ஒவ்வொரு புள்ளிக்கும் மாறும், ஒரே எண்ணை ஒட்டிவிடாதீர்கள். ஐந்து கெழுக்களும் அப்படியே, நீளத்துக்கு நீளம் வேறு.

ஹார்ட்ரீ-ஃபாக் (வழக்கமான தோராய முறை) தருவது −1.117. ஆக நீங்கள் பிடிக்க வேண்டிய வித்தியாசம் வெறும் 20 மில்லிஹார்ட்ரீ. வேதியியலில் பயன்படும் துல்லியம் 1.6 மில்லிஹார்ட்ரீ. இந்த இரு எண்ணையும் எதிரில் வைத்துக்கொண்டு பிழையைக் கணக்கிடுங்கள்.

அளவீடு இரண்டு சர்க்யூட். இசட் உறுப்புகள் மூன்றும் ஒரே அளவீட்டில் கிடைக்கும். எக்ஸ்-எக்ஸுக்கு இரு க்யூபிட்டிலும் ஹடமார்டு போட்டுத் தனியாக. அடிநிலையில் ஒவ்வொரு குழுவின் விலக்கமும் ஒரு ஷாட்டுக்கு 0.1764. இரண்டையும் சேர்த்தால் 0.25-ஐ ஷாட் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. சர்க்யூட்டுக்கு 4,096 ஷாட் போட்டால் 3.9 மில்லிஹார்ட்ரீ ஆட்டம். கருவி பிழையே இல்லாததாக இருந்தாலும் அது போதாது. 1.6-க்கு இறக்க சர்க்யூட்டுக்கு ஏறத்தாழ 24,000 ஷாட் வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் இடைவெளி 250 மைக்ரோவிநாடி என்றால் 48,000 ஷாட்டுக்கு 12 விநாடி, மேல்செலவு தனி. உங்கள் பத்து நிமிடத்துக்குள் வசதியாக அடங்கும்.

ஆனால் ஷாட்டைக் கூட்டினாலும் போகாத பிழை ஒன்று உண்டு, அளவீட்டுப் பிழை. 01 நிலையில் ஒரு பிட் தவறாகப் படிக்கப்பட்டால் 00 அல்லது 11 ஆகும்; அவற்றின் இசட் ஆற்றல் −1.064. சரியான நிலையோடு ஒப்பிட்டால் 0.75 ஹார்ட்ரீ மேலே. க்யூபிட்டுக்கு 1 விழுக்காடு பிழை என்றாலே ஆற்றல் 15 மில்லிஹார்ட்ரீ ஏறிவிடும். தேடுவதே 20, அதில் 15 போய்விட்டது!

இதற்கு மருந்து சர்க்யூட்டிலேயே இருக்கிறது. நம் சர்க்யூட் 00, 11 இரண்டையும் தரவே தராது. எனவே இசட் அளவீட்டில் அவை வந்த ஷாட்டுகளை எறிந்துவிட்டு மீதியில் சராசரி எடுங்கள். எக்ஸ் அளவீட்டில் இதைச் செய்யக் கூடாது. அங்கே நான்கு விடையும் முறைப்படி வரக்கூடியவை. அங்கே சேதம் சிறிது, ஏறக்குறைய 1.6 மில்லிஹார்ட்ரீ.

#14 செக்காலை_சர்க்யூட்

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். எஸ்டிமேட்டர் (சாம்ப்ளருக்குப் பதிலா இருக்கிற இன்னொரு கிஸ்கிட் பகுதி) வழியா போனா ஷாட்டைக் கையால எறிய முடியாது, சராசரி மட்டும்தான் வரும். அதுல ரெசிலியன்ஸ் நிலை 1 வைச்சா அளவீட்டுப் பிழையை அதுவே திருத்திக் குடுக்கும். நிலை 2-ல இரைச்சலை வேணும்னே கூட்டி ஓட்டி, பூஜ்யத்துக்குப் பின்னோக்கி இழுத்துக் கணிக்கும். நேரமும் கூடும், விலக்கமும் கூடும். ஒரே ஒரு சிஎக்ஸ் இருக்கிற சர்க்யூட்டுக்கு அது அவசியமில்ல. டிரான்ஸ்பைல் ஆன பிறகு ஹாமில்டோனியனுக்கும் 'அப்ளை லேஅவுட்' போடணும். சர்க்யூட் சில்லோட எந்த க்யூபிட்டுக்குப் போச்சோ அங்கயே இதுவும் போகணும். விட்டுட்டா க்யூபிட் எண்ணிக்கை ஒத்துவரலன்னு பிழை வரும்.

சாம்ப்ளர்ல எடுத்து அக்கா சொன்ன மாதிரி எறியுறது, எஸ்டிமேட்டர் நிலை 0, நிலை 1, இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அறிக்கைக்கு நல்ல அட்டவணை.

#15 கண்டனூர்_கணக்கு

தேர்வாளர் பக்கமிருந்து ஒரு வேண்டுகோள். கருவியின் பிழை அளவுகள் அளவுதிருத்தத்துக்கு அளவுதிருத்தம் மாறும். வேலை எண், கருவியின் பெயர், ஓடிய நேரம், அந்த நேரத்தின் அளவுதிருத்தத் தரவு, டிரான்ஸ்பைலர் விதை, கிஸ்கிட் பதிப்பு எண், திருத்தாத மூல எண்ணிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேமியுங்கள். எறிந்த ஷாட் எத்தனை விழுக்காடு என்பதும் அட்டவணையில் இருக்கட்டும்.

#16 கோட்டையூர்_க்யூபிட்

சரி ஐயா. நான்கு கோயில் ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு. ஹைட்ரஜன் ஒரே நீளத்தில், #14-இல் சொன்ன மூன்று வழிகளிலும். இவ்வளவும் ஒரே தொகுப்பாக அனுப்பலாமா, அல்லது ஹைட்ரஜனைத் தனியாகவா?

#17 தேவகோட்டை_திசைவி

தனியாக அனுப்புங்கள். ஹைட்ரஜனுக்கு வேண்டியது அளவீட்டுப் பிழை மிகக் குறைந்த, பக்கத்து பக்கத்து இரண்டு க்யூபிட் மட்டும். அளவுதிருத்தத் தரவைப் பார்த்து அந்த இரண்டைக் கையால் தேர்ந்து தொடக்க அமைவாகக் கொடுக்கலாம். ஒன்பது க்யூபிட் சர்க்யூட்டுக்கு இடத்தை டிரான்ஸ்பைலர் தேர்ந்துகொள்ளட்டும். ஹைட்ரஜனை முதலில் ஓட்டி, தீட்டா 0-இல் −1.837-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு கோயில் சர்க்யூட்டை அனுப்புங்கள்.